தெனாவட்டாகப் பேசினவள்

கல்யாணமாகி இண்டூர்ப் பக்கம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு மத்தியானம் கேழ்வரகுக் களி கிண்டி இறக்கி வைத்தேன். வீட்டுக்காரரின் அண்ணன், எனக்கு மூத்தார், தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு விள்ளலைப் பிட்டுப் பார்த்துவிட்டு, கட்டி கட்டியாக இருக்கிறதே என்றார். என்னிடம் சொல்லவில்லை. எங்கள் வீடுகளில் மூத்தார் தம்பி பெண்டாட்டியிடம் நேராகப் பேச மாட்டார். அவளும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. அதனால் பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். இந்தப் பெண்ணின் ஊரில் மாவைக் கொட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்களா, துடுப்பே பிடிக்க மாட்டார்களா என்று ஊரையும் சேர்த்து இழுத்தார்.

களியில் கட்டி இருந்தது உண்மை. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் ஊர் ஏரியூர்ப் பக்கம். என் அம்மா துடுப்பு பிடித்தால் களியில் கட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரைச் சொன்னது அம்மாவைச் சொன்ன மாதிரி எனக்குச் சுருக்கென்றது. அடுப்படியில் நின்றபடியே வாய் விட்டுவிட்டேன்.

"நாளைக்கு நீங்க கிண்டுங்க மாமா. நான் பக்கத்துல நின்னு கத்துக்கறேன்."

என் வீட்டுக்காரர் குபுக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது. அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் மூத்தார் காதில் விழாதது போல இருந்திருப்பார். தம்பி சிரித்த பிறகு எப்படி இருப்பார்? கையை உதறிவிட்டு எழுந்தார். மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார், எனக்குக் கேட்கும்படி சொன்னார். "எவ்ளோ தெனாவட்டா பேசுது பாரு." சாயங்காலத்துக்குள் தெருக்கோடி வரைக்கும் அந்தப் பேச்சு போய்விட்டது. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, நீதானா அது என்று கேட்டாள்.

அந்த வார்த்தை எனக்குப் புதிது கிடையாது. எங்கள் வீட்டில் ஒரு கிடா இருந்தது. விரட்டினாலும் போகாது. நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவரைக் கொடியை மென்றுகொண்டு நிற்கும். அப்பா குச்சியைத் தூக்கிக்கொண்டு போனால்கூட இன்னும் ஒரு வாய் கடித்துக்கொண்டுதான் நகரும். தெனாவட்டா மேயுது பாரு என்று அப்பா சொல்லும்போது அவர் முகத்தில் கோபத்தைவிடச் சிரிப்புதான் அதிகம் இருக்கும். கை காட்டியும் நிறுத்தாமல் போகிற டவுன் பஸ் டிரைவரையும் அப்படித்தான் சொல்வோம். அதில் கொஞ்சம் ரசனையும் இருந்தது. ஒரு வார்த்தை என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

புகுந்த வீட்டில்தான் அதன் அர்த்தம் விளங்கியது. ஒருமுறை மூத்தார் தாலுகா ஆபீசில் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அண்ணன் என்ன தைரியமாகப் பேசினார் தெரியுமா என்று தெருவே சொன்னது. அதே வாரம் நான் ரேஷன் கடையில் எடை குறைகிறது என்று சொன்னேன். தெனாவட்டாகப் பேசிவிட்டு வந்திருக்கிறாள் என்று நான் வீட்டுக்கு வரும் முன்னாலேயே சேதி வந்து சேர்ந்துவிட்டது. சின்னப் பிள்ளை எதிர்த்துப் பேசினால் துடுக்கு என்பார்கள், அதில் கொஞ்சல் இருக்கும். காசு பணம் உள்ளவன் பேசினால் திமிர் என்பார்கள், சொல்லிவிட்டு அவனிடமே போய் நிற்பார்கள். கையில் ஒன்றும் இல்லாமல், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் இருக்கிறவளுக்கென்று தனியாக எடுத்து வைத்த வார்த்தை அது. நிமிர்ந்து நடந்தால் தெனாவட்டாக நடக்கிறாள். பதில் சொன்னால் தெனாவட்டாகச் சொல்கிறாள். சும்மா இருந்தாலும் தெனாவட்டாகச் சும்மா இருக்கிறாள். இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இதெல்லாம் எனக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டு போயிருப்பேன். என் வாய் எனக்குத் துணை. ஆனால் அது என் தங்கச்சி தலையில் போய் விழுந்தது.

தங்கச்சிக்குப் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அரசு வேலை. பையன் வந்து பார்த்துவிட்டுப் போனான், இவளுக்கும் பிடித்துவிட்டது. போனில் என்னிடம் அவன் போட்டிருந்த சட்டையின் நிறம் வரைக்கும் சொன்னாள். எங்கள் பக்கத்தில் பெண் பார்த்தால் மட்டும் போதாது, விசாரிக்க வேண்டும். மூத்தவளைக் கட்டிக் கொடுத்த வீட்டில் அவள் எப்படி நடந்துகொள்கிறாள் என்று கேட்டுவிட்டுத்தான் இளையவளுக்குப் பூ வைப்பார்கள். அப்படி விசாரிக்க வந்தவர்கள் டீக்கடையில் மூத்தாரைப் பிடித்தார்கள். அவர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னாராம்: "பெரியவள எங்க வூட்ல கட்டிட்டு நாங்க படறோம். தெனாவட்டா பேசும். சின்னதும் அதே வவுத்துல பொறந்தது தானுங்களே." வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

தரகர் மூலமாக அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. அப்பா கிளம்பி என் வீட்டுக்கு வந்தார். சாப்பிடச் சொன்னேன், தண்ணீர் மட்டும் குடித்தார். மூத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ கொஞ்சம் வாயை அடக்கியிருந்தால் உன் தங்கச்சி பிழைத்திருப்பாள் என்றுதான் சொன்னார். அந்தக் கிடாவைப் பார்த்துச் சிரித்த அதே அப்பாதான். பஸ் ஏறும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு வந்த வரன்கள் எல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிப் போயின. ஒரு வார்த்தை எப்படித்தான் அவ்வளவு தூரம் நடக்கிறதோ தெரியவில்லை. கடைசியில் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், முதல் மனைவி செத்துப்போன ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். அவருக்கு அப்பாவைவிடக் கொஞ்சம்தான் வயது குறைவு. கன்னடம் பேசுகிற வீடு. மாமியார் காலையில் ஆரம்பித்தால் ராத்திரி விளக்கணைக்கும் வரை ஓயமாட்டாளாம். தங்கச்சி குறை என்று எதுவும் சொல்ல மாட்டாள். ஒரே ஒரு முறை சொன்னாள்: "அவுங்க திட்டறது பாதி புரியறதில்லக்கா. அது ஒண்ணுதான் இங்க நிம்மதி."

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். திரும்பி வந்தபோது அழுது ஆர்ப்பாட்டம் செய்து, போய் உங்கள் அண்ணனைக் கேளுங்கள் என்று தள்ளிவிட்டேன். போய்க் கேட்டார். ஒரு பேச்சுக்குச் சொன்னேன், அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டால் நான் என்ன பண்றது என்று மூத்தார் சொல்லியிருக்கிறார். இவரும் சரி என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். அண்ணன் வாயில் தெரியாமல் வந்துவிட்டது, விட்டுவிடு என்றார். நான் விடவில்லை.

ஊர் மாரியம்மன் கோயிலில் எல்லோரும் மழைக்கும் பிள்ளைக்கும் வேண்டிக்கொள்வார்கள். நான் அவர் வாய் அழுகிப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வருடம் தவறாமல் மாவிளக்கு எடுத்து, அதற்குத்தான் வேண்டிக்கொண்டேன். அம்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பல் ஒன்றுகூட ஆடவில்லை, கரும்பைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தார்.

சாமி செய்யாததை நானே செய்தேன். பாகம் பிரித்து, நடுவில் ஒரு சுவர் வைத்து, இரண்டு வீடாகிவிட்டோம். அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் எனக்குத் தெரிந்துவிடும். காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிரே வருவேன். அவர் சகுனம் சரியில்லை என்று உள்ளே போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கிளம்புவார். நானும் அதே குடத்தோடு மறுபடி வருவேன். பஸ் போய்விடும். மூத்தாரின் மனைவி, என் ஓரகத்தி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடுவாள். தெனாவட்டா வர்றா பாரு என்று அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். ஆமாம், தெனாவட்டாகத்தான் வந்தேன். பெயர் வாங்கிக் கொடுத்தவருக்கு அதைக் காட்ட வேண்டாமா?

ஆனால் பஸ்ஸைத் தவறவிடுவது ஒரு பழியா? என் தங்கச்சி தவறவிட்டது வாழ்க்கையை. அதற்கு ஈடாக ஒன்று வரும் என்று காத்திருந்தேன்.

மூத்தாருக்கு ஒரே மகள். பாகம் பிரிகிற வரைக்கும் என் மடியில் வளர்ந்தவள். சுவர் வைத்த பிறகும் ஏறிக் குதித்து வந்துவிடுவாள். காலேஜ் முடித்தாள், போலீஸ் வேலைக்கு எழுதினாள், எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டாள். அடுத்து ஓட்டமும் தாண்டலும்தான் பாக்கி. விடியற்காலையில் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு தார் ரோட்டில் ஓடுவாள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆட்கள் முதலில் பார்த்தார்கள், அப்புறம் பேசினார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மகள் காக்கி போட்டுவிட்டால் அதன் பிறகு மாப்பிள்ளை கிடைக்காது என்று மூத்தார் பயந்துவிட்டார். உடல் தகுதித் தேர்வுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட அவசர அவசரமாக அதியமான்கோட்டையில் ஒரு இடம் பார்த்தார். பைபாஸ் ரோட்டில் கடை வைத்திருக்கிற குடும்பம். பெண் வேலைக்கெல்லாம் போக வேண்டியதில்லை, கடையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். இவரும் தலையாட்டிவிட்டார். இனி அவர்கள் வந்து விசாரிக்க வேண்டியதுதான் மிச்சம்.

அங்கேதான் மூத்தார் தப்பு செய்தார். விசாரிக்க வருகிறவர்கள் நல்லபடி பழகுகிற வீட்டில் போய்க் கேட்க மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீடு எது என்று தெரிந்துகொண்டு, தண்ணீர் கேட்கிற சாக்கில் அங்கேதான் நுழைவார்கள். உள்ளதைச் சொல்கிறவன் பகையாளிதான் என்பது அவர்கள் கணக்கு. அதனால் புத்தியுள்ள எவனும் பெண்ணுக்கு வரன் பார்க்கும் முன்னால் பகையான வீட்டுக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு போய், முன்னால் நின்று நடத்திக் கொடுங்கள் என்று கேட்டு, அந்த வீட்டின் வாயைக் கட்டிவிடுவான். ஓரகத்தி கெஞ்சியிருக்கிறாள். அது வீட்டு வாசலில் போய் நான் நிற்கணுமா என்று கேட்டாராம். வரவில்லை.

மாட்டினாயா என்று நினைத்துக்கொண்டேன். வருகிறவர்களிடம் என்ன சொல்ல வேண்டும், எந்த இடத்தில் பெருமூச்சு விட வேண்டும் என்பது வரை பாத்திரம் கழுவும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மூத்தார் மகள் சுவரேறி வந்தாள். விசாரிக்க வந்தால் தன்னைப் பற்றிக் கெடுதலாகச் சொல்லச் சொல்லி என்னிடமே கேட்டாள். வேறு யார் சொன்னாலும் அப்பா சமாளித்துவிடுவார், பங்காளி வீட்டில் சொன்னால்தான் எடுபடும் என்றாள். ஓட்டத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது.

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அவள் அப்பனைக் குறி வைத்து எடுத்து வைத்திருந்த வார்த்தை அவள் மேல்தான் போய் ஒட்டும் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அவளை உட்கார வைத்து என் தங்கச்சி கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது. அவள் வீட்டில் யார் அதைச் சொல்லியிருக்கப் போகிறார்கள்? முழுவதும் கேட்ட பிறகும் அவள் கேட்டதை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒருமுறை சொன்னால் ஊர் பூரா அதையேதான் சொல்லும், அப்புறம் நானே நினைத்தாலும் துடைக்க முடியாது என்று எச்சரித்தேன்.

"இப்பவே அதான் சொல்றாங்க சித்தி. சொல்லிட்டுப் போவட்டும், நான் ஓடிக்கறேன்" என்றாள்.

விசாரிப்புக்கு மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். கணக்குத் தப்பவில்லை, தண்ணீர்தான் கேட்டார்கள். நாற்காலி போட்டேன், மோர் கொடுத்தேன். வெயிலைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். பிறகு அந்த அம்மா பக்கத்து வீட்டைத் தாடையால் காட்டி, பெண் எப்படிங்க என்று கேட்டார்.

பெண் தங்கம் என்றேன். படிப்பு, கை வேலை, சமையல் எதிலும் குறை சொல்ல முடியாது என்றேன். பொய் இல்லை, எல்லாம் உண்மை. அந்த அம்மாவின் முகம் மலர்கிற வரைக்கும் காத்திருந்தேன். பிறகு சொன்னேன்: "என்னா ஒண்ணு, கொஞ்சம் தெனாவட்டா இருக்கும்ங்க."

மோர் டம்ளர் பாதியில் நின்றது. தாய்மாமன் எந்த மாதிரி என்று கேட்டார். நான் விளக்கினேன். பெரியவர்கள் ஒன்று சொல்லி அது சரியில்லை என்றால் சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும், யார் எவர் என்று பார்க்காது, மற்றபடி பழுது சொல்ல முடியாத பெண் என்று மிக அன்பாகச் சொன்னேன். அப்படிப் பேசுவதற்கு எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்த அம்மா கூட வந்த தன் அண்ணனைப் பார்த்தார். மோரை வைத்துவிட்டு எழுந்துகொண்டார்கள். பெண் வீட்டுப் படியைக்கூட மிதிக்கவில்லை, வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார்கள்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? இத்தனை வருடம் கழித்து அன்றைக்குத்தான் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டேன். பெண்ணுக்கும் நல்லதாகப் போயிற்று, அவள் அப்பனுக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று. அவள் ஓட்டத்தில் தேறி, இப்போது பயிற்சியில் இருக்கிறாள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் மூத்தார் வந்தார். பாகம் பிரித்த பிறகு என் வாசலுக்கு வருவது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு தயாராக நின்றேன். அவர் சத்தம் போடவில்லை. ராத்திரி தூங்காத கண். குறுக்கே வைத்துப் பேச அங்கே வேறு யாரும் இல்லை. என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"ஏம்மா, பொட்டப் புள்ள மேல போயி அந்த வார்த்தைய சொல்லிட்டியே. அது என்னா வார்த்தைன்னு உனக்குத் தெரியாதா? ஒரு தடவ ஒருத்தர் வாயில இருந்து வந்தா போதும், அவ காலத்துக்கும் போவாது. இனிமே எவன் வருவான், வந்தாலும் எந்த வூட்டுல அவள வாழ வுடுவாங்க?"

சொல்லும்போதே குரல் உடைந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அழுகையைப் பார்க்கத்தான் நான் அத்தனை மாவிளக்கு எடுத்தேன். நேற்று சாப்பிட்டு எழுந்தபோதே இதோடு கணக்கு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அவர் வந்து நின்றால் ஒரு டம்ளர் காபி கொடுத்து, பெண் தானே கேட்டுக்கொண்ட விஷயத்தையும் பக்குவமாகச் சொல்லி, ஆற்றி அனுப்பிவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது. ஆனால் அவர் பேசப் பேச அந்த எண்ணம் போய்விட்டது.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றேன். "தெரிஞ்சேதான் எந்தங்கச்சிக்குச் சொன்னீங்களா மாமா?"

ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று தம்பியிடம் சொன்ன பொய்யை என்னிடமும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நம்புகிற மாதிரி நடித்து விட்டிருப்பேன். அதைக்கூடச் சொல்லாமல் வந்த வழியே திரும்பிப் போனார். நானும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் தங்கச்சிக்குப் போன் போட்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவளுக்கும் இதுவரைக்கும் அது ஏதோ ஒருவர் டீக்கடையில் வாய் தவறிச் சொன்னதாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் மாமியார் கன்னடத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேதானாக்கா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.